டோக்கன் போதும், அறிவுரை வேண்டாம்

கொரோனா காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும், மக்கள் பீதியில் பொருள்களை வாங்கிக் குவித்தார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அந்த மக்களுக்கு எதிரே, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான். சுவாமிமலையில் மளிகைக் கடை, மாமனார் காலத்தது. யார் எதை வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். எந்த நேரத்தில் வந்து வாங்கினார்கள் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். தொலைக்காட்சியில் அறிவிப்பு வந்த அரைமணி நேரத்தில்தான் கூட்டம் வரும். தொற்று எண்ணிக்கை ஏறிய செய்தியைக் கேட்டு ஒருவரும் கூடுதலாகக் கால் கிலோ பருப்பு வாங்கியதில்லை.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள், யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார். மளிகைக் கடை திறந்திருக்குமா என்பது கேட்டவர்களுக்குப் பிடிபடவில்லை. திறந்திருக்கும், பதற வேண்டாம் என்ற விளக்கம் பேச்சு முடிந்த பிறகுதான் வந்தது. அதற்குள் எங்கள் கொல்லைக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு மணி நேரம் கொடுத்து 21 நாள் என்றால், குடும்பம் நடத்துகிற எவரும் வேறென்ன செய்வார்கள்? அதைப் பீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு அரிசி கேட்டவர்கள் குறைவு. துவரம்பருப்பு, உளுந்து, பாமாயில், ரவை, பூண்டு, மிளகு இவைதான் போயின. சுற்றிலும் வயலாக இருக்கிற ஊரில் இது பெரிய வியப்பில்லை. ஆனால் இந்த ஊருக்கும் பருப்பு கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் லாரியில் வர வேண்டும். பாமாயில் கப்பலில் வர வேண்டும். கும்பகோணத்து மொத்தக் கடையில் மூட்டை இருந்தாலும் இறக்க ஆள் வர வேண்டும். சரக்கு இருக்கிறது, வண்டி வருமா என்பதுதான் எங்கள் கவலை. மேலே இருப்பவர்களோ ‘போதிய கையிருப்பு உள்ளது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கே உள்ளது, எந்த நாளில் எங்கள் தெருவுக்கு வரும் என்று சொன்னவர்கள் இல்லை.

என் பாட்டி வீட்டில் பத்தாயம் இருந்தது. ஆள் உள்ளே இறங்கித்தான் நெல் அள்ள வேண்டும். அடுத்த அறுவடை வரை சாப்பாடு வீட்டுக்குள்ளேயே கிடக்கும். அதை யாரும் பதுக்கல் என்று சொன்னதில்லை. இப்போது இயந்திரம் அறுக்கிறது. வயலிலிருந்தே நெல் டிராக்டரில் ஏறி நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டிலும் இருபத்தைந்து கிலோ பைதான். பத்தாயம் போன இடத்தில் ரேஷன் கடை வந்தது. 1972-ல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகம் எங்களிடம் நெல்லை வாங்கி எங்களுக்கே அரிசியாகத் தருகிறது. 1997-ல் மத்திய அரசு ஏழைகளுக்கு மட்டும் என்று ரேஷனைச் சுருக்கியபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதைக் கைவிடவில்லை. 2011 முதல் அரிசி இலவசம். அந்த முடிவுகளின் அருமை 2020 ஏப்ரலில் புரிந்தது.

அந்த ஏப்ரலில் அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் என்றார்கள். வீடு வீடாக டோக்கன் வந்தது. அதில் நாளும் நேரமும் இருந்தன. எங்கள் தெருவில் அவரவர் நேரத்துக்குப் பையோடு போனார்கள், வந்தார்கள். மார்ச் மாதத்தில் என் கடை வாசலில் முண்டியடித்த அதே மனிதர்கள்தான். தன் பங்கு தனக்கு என்று தாளில் எழுதியிருந்ததால் முண்டவில்லை.

தைவானிலும் இதே முறைதான். 2020 பிப்ரவரி 6 முதல், மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் வாரத்துக்கு இரண்டு முகக்கவசம். அடையாள எண் ஒற்றைப்படையானால் சில நாள், இரட்டைப்படையானால் மற்ற நாள். இங்கே அடுத்த மாதம் முகக்கவசத்தை அத்தியாவசியப் பொருளாக்கி, மூன்றடுக்குக்குப் பத்து ரூபாய் என்று மத்திய அரசு விலை வைத்தது. அந்த விலைக்கு எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

டோக்கன் முறை தெரிந்த அதே அரசுதான் கடை நேரத்தையும் குறைத்துக்கொண்டே வந்தது. 2020 மார்ச் 29 முதல் பகல் இரண்டரை வரை. ஏப்ரல் 5 முதல் ஒரு மணி வரை. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை. 2021 மே 6 முதல் பன்னிரண்டு மணி வரை. மே 15 முதல் காலை ஆறிலிருந்து பத்து. வீடுகள் அவ்வளவேதான், வயிறுகள் அவ்வளவேதான், நேரம் மட்டும் நான்கு மணி. இடைவெளி விட்டு நிற்க வட்டம் போடச் சொன்னார்கள், போட்டோம். ஒரு வட்டத்துக்குள் மூன்று பேர் நின்றார்கள்.

இதில் அடிபட்டவர்கள் யாரென்று தலைமைச் செயலகத்திலிருந்து பார்த்தால் தெரியாது. விவசாய வேலைக்குத் தடை இல்லை என்று அறிவித்திருந்தார்கள், நல்லது. மே மாதத்தில் பம்புசெட் உள்ள வயல்களில் முன்பட்ட குறுவை நடவு நடக்கும். பெண்கள் விடியற்காலையில் வயலில் இறங்கினால் கரை ஏற மதியம் ஆகும். கூலி கைக்கு வந்த பிறகுதான் கடைக்கு வர முடியும். ஐம்பது மில்லி எண்ணெய், ஒரு பொட்டலம் மிளகாய்த்தூள், பத்து ரூபாய் காபித்தூள் என்று அன்றாடம் வாங்கும் குடும்பங்கள் அவை. அவர்கள் வரும்போது கடை சாத்தியிருக்கும். காலை ஆறு மணிக்கே வண்டியோடு வந்து மூன்று மாதச் சாமான் ஏற்றியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். (அவர்களில் ஒருவர் ஆடி மாதம் ரவையில் வண்டு விழுந்துவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்வாயா என்று கேட்டார்.) பீதியில் வாங்குவதற்கும் கையில் காசு வேண்டும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. முழு ஊரடங்குக்கு முன்னால் ஒரு நாள் அவகாசம். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் எல்லாம் மூடல் என்றார்கள். முந்தைய நாள் கோயம்பேட்டில் நின்ற கூட்டத்தைத் தமிழ்நாடே பார்த்தது. மே 5-ல் சந்தையை மூடிய பிறகு அங்கே வேலை செய்தவர்கள் ஊர் திரும்ப, கடலூர், விழுப்புரம், கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூர் என்று தொற்று பரவியது. அந்த ஒரு நாள் கூட்டம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சந்தை அதற்கு முன்பும் நெரிசல்தான். ஆனால் அதைப் பார்த்த பிறகும் 2021 மே 24-ல் தளர்வில்லா ஊரடங்கு என்று 22-ஆம் தேதி அறிவித்து, அன்றும் மறுநாளும் இரவு ஒன்பது வரை கடைகளைத் திறந்துவைக்கச் சொன்னார்கள். கூட்டத்தைக் கலைக்கப் போலீஸும் வந்தது. கூட்டத்தை வரவழைத்தவர்களும் கலைத்தவர்களும் ஒரே அரசாங்கம்.

ஒரு வாரம் கழித்து, மே 31 முதல், தெருத்தெருவாக வண்டியில் மளிகை விற்கலாம், காலை ஏழு முதல் மாலை ஆறு வரை என்று அனுமதி வந்தது. என் மகன் டாடா ஏஸில் சரக்கு ஏற்றிக்கொண்டு காலையில் அக்ரகாரம், மாலையில் கூலிக்காரர் தெரு என்று போனான். ஒரு இடத்திலும் கூட்டம் சேரவில்லை. முதல் வாரமே செய்திருக்கலாம்.

அடுத்த முறை நோயோ வெள்ளமோ வரும்போது, முதலமைச்சர் பேசுவதற்கு முன்னால் லாரிக்கும் மூட்டை இறக்குகிறவர்களுக்கும் அனுமதிச் சீட்டு கைக்கு வந்திருக்க வேண்டும். கடை நேரத்தைக் கூட்ட வேண்டும், இரவு வரை. எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்பது மூடும் அறிவிப்போடு சேர்ந்தே வர வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு இலாகா வேண்டாம். ஸ்மார்ட் அட்டை எண்கள் ரேஷன் கடை இயந்திரத்தில் இருக்கின்றன. பொங்கல் பரிசுக்கு டோக்கன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்க ஊழியர்களுக்கு எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு இருப்பார்கள் என்பதுகூடத் தெரியும்.