கல்லாவும் கணக்கேடும் ஒரே பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் ஜனில் புதுச்சேரி அவர்களுக்கு,

நீங்கள் எங்கள் பொங்கோல் குழுத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். கல்வி அமைச்சில் மூத்த துணை அமைச்சராகவும் பொறுப்பு வகிக்கிறீர்கள். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் வணிகப் பாடங்களைப் பற்றிப் பேச உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று நினைக்கிறேன். பெற்றோரும் கடைக்காரர்களும் கூடவே படிக்க வேண்டிய விஷயம் என்பதால் தமிழில், எல்லார் முன்னிலையிலும் எழுதுகிறேன்.

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். குடியிருப்பது பொங்கோலில், வேலை பெரும்பாலும் லிட்டில் இந்தியாவில். ஊதா நிற ரயில் தடத்தில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். மாலையில் அதே ரயிலில் சீருடையோடு வரும் பிள்ளைகளின் பேச்சு காதில் விழும். "உனக்கு பிஓஏவா, இபிஎஸ்ஸா?" என்ற கேள்வி அதில் அடிக்கடி வரும்.

பிஓஏ என்று அவர்கள் சொல்வது கணக்குப் பதிவியல். பாடங்களுக்கான G1, G2, G3 என்ற மூன்று நிலைகளில், மேலே உள்ள G3, G2 இரண்டிலும் இதை எடுக்கலாம். பற்று வரவு என்ற இரட்டைப் பதிவில் தொடங்கி, பேரேடு, வருமான அறிக்கை, நிதிநிலை அறிக்கை வரை போகும். எழுதிய எண்களை வைத்துக்கொண்டு இந்தக் கடை தேறுமா, கடன் வாங்கலாமா என்று முடிவெடுக்கவும் அந்தப் பாடம் பழக்குகிறது. இபிஎஸ் என்பது வணிகத் திறன்களின் அடிப்படைகள். முன்பு வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவுக்கென இருந்தது, இப்போது G1 நிலைக்கு உரியது. சுற்றுப்பயணம், விருந்தோம்பல், சில்லறை வணிகம் ஆகிய மூன்று சேவைத் துறைகளை முன்னே வைத்து, சந்தைப்படுத்துவதையும் வாடிக்கையாளரிடம் நடந்துகொள்வதையும் கற்றுத் தருகிறது.

இரண்டுமே நல்ல பாடங்கள். இபிஎஸ் படித்த பிள்ளைகள் கடை வாசலில் நின்று ஆளைப் பார்த்துப் பேசும் தெளிவை நான் நேரில் கண்டிருக்கிறேன். எனக்குள்ள குறை வேறு. ஒரு பிள்ளைக்குக் கணக்கேட்டைக் கொடுக்கிறோம், இன்னொரு பிள்ளைக்குக் கல்லாவுக்கு முன்னால் நிற்கக் கற்றுக் கொடுக்கிறோம். பதினான்கு, பதினைந்து வயதில் யாருக்கு எது என்பதை, பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் ஆங்கில மதிப்பெண்ணும் கணித மதிப்பெண்ணும் முடிவு செய்துவிடுகின்றன.

வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு 1994இல் வந்தது. பிரிவுகளை எடுத்துவிடப் போகிறோம் என்று 2019 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது என்னைப் போன்ற பலர் உண்மையாகவே மகிழ்ந்தோம். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகள் எந்தப் பிரிவின் பெயரும் இல்லாமல் ஒரே வகுப்பில் கலந்து உட்கார்ந்தார்கள். அவர்கள்தான் 2027இல் சிங்கப்பூர் கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் தேர்வை முதன்முதலில் எழுதப் போகிறவர்கள். இது பெரிய மாற்றம், வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் வணிகப் பாடங்களின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் பழைய பிரிவு அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. G1இல் கணக்குப் பதிவியல் என்றொரு பாடமே இல்லை.

திறன் இருந்தால் மேல்நிலையில் எடுக்கலாமே என்று அமைச்சு சொல்லும். வழி இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த வழியில் போக அந்தப் பள்ளியில் அப்பாடம் நடக்க வேண்டும், கால அட்டவணை இடம் கொடுக்க வேண்டும், பிள்ளையும் தன்னால் முடியும் என்று நம்ப வேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பாடங்களும் நடப்பதில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலிருந்தே "இது உனக்குக் கஷ்டம்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பாடத் தெரிவு நேரத்தில் தானாகக் கை தூக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

இரண்டு பாடமும் ஒரே பிள்ளைக்கு ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். லிட்டில் இந்தியாவில் பஃப்ளோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் உள்ள பூக்கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு திருநாளுக்கு முந்திய நாள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒரு மாலைக்கு ஆறு வெள்ளி என்று நூறு மாலை எடுத்திருக்கிறார். பத்து வெள்ளிக்கு விற்கிறார். மாலை ஆறு மணிக்கு எழுபது போய்விட்டது, முப்பது தொங்குகிறது. நாளை மறுநாள் அவை குப்பை. அப்போது ஒருவர் வந்து, இருபது மாலையைச் சேர்த்து நூறு வெள்ளிக்குக் கொடுங்கள் என்கிறார். மாலை ஒன்று ஐந்து வெள்ளி ஆகிறது, வாங்கிய விலைக்கும் கீழே. கொடுக்கலாமா?

கணக்குத் தெரியாத பிள்ளை நஷ்டம் என்று மறுத்துவிடும். கணக்குப் படித்த பிள்ளைக்கு விடை வேறாகத் தெரியும். கொள்முதலுக்கான அறுநூறு வெள்ளி காலையிலேயே கைவிட்டுப் போனது. எழுபது மாலைக்கு எழுநூறு வந்து முதல் திரும்பிவிட்டது. இனி வருவதெல்லாம் வாடகைக்கும் ஆள் கூலிக்கும் உதவும், நூறு வெள்ளியை விடக்கூடாது. சரியான கணக்கு. ஆனால் கடையில் நின்று பழகிய பிள்ளைக்கு இன்னொன்று தெரியும். இன்று ஆறு மணிக்கு ஐந்து வெள்ளிக்குக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்ற நான்கு பேர் பார்த்தார்கள். அடுத்த திருநாளுக்கு அவர்கள் காலையில் வரமாட்டார்கள், ஆறு மணிக்குத்தான் வருவார்கள். பிறகு பத்து வெள்ளி என்ற விலையே நிற்காது. ஆகவே தள்ளுபடியை எப்படிக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, கோயிலுக்கு மொத்தமாக எடுப்பவருக்கு மட்டுமா என்பதெல்லாம் யோசிக்க வேண்டியவை. நான் கணக்கு எழுதும் கடைகளில் நிலைத்து நிற்பவை, இந்த இரண்டு யோசனையும் ஒரே தலைக்குள் ஓடுகிற கடைகள்தான். நம் பாடத்திட்டமோ ஒரு யோசனையை ஒரு வகுப்பறைக்கும் மற்றதை இன்னொரு வகுப்பறைக்கும் அனுப்புகிறது.

இந்த ஊரில் தமிழர்கள் வணிகம் பழகிய விதம் இப்படி இருந்ததில்லை. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் லேவாதேவி நடத்திய காலத்தில், ஊரிலிருந்து வந்த சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். எடுபிடி வேலை செய்வான், கடன் கேட்டு வருபவரை உட்கார வைப்பான், வசூலுக்குப் பின்னால் நடப்பான். அதே பையனுக்கு அதே பெட்டியடியில் வட்டிக் கணக்கும் பேரேடும் சொல்லிக் கொடுப்பார்கள். தேறினால் அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். மனிதரைப் படிப்பதும் ஏட்டைப் படிப்பதும் சேர்ந்தே நடந்தன. சிராங்கூன் சாலையில் பிஜிபி ஸ்டோர்ஸ் நடத்திய கோவிந்தசாமி பிள்ளையும் மளிகைக் கடை ஒன்றில் ஊழியராகத் தொடங்கியவர்தான். அந்தக் காலத்துச் சுரண்டலையும் நீண்ட வேலை நேரத்தையும் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. கடைநிலையில் நுழைந்த பையனிடமிருந்து கணக்கேட்டை ஒளித்து வைக்காத அந்த ஒரு பழக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கணக்கையும் வாடிக்கையாளர் சேவையையும் சமமாக மதிக்கும் இடம் நம் பொங்கோலிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் கணக்கியல் பட்டமும் தருகிறது, விருந்தோம்பல், சுற்றுலா மேலாண்மைப் பட்டமும் தருகிறது. பல்கலைக்கழக அளவில் இரண்டுக்கும் சமமான மதிப்பு. பொங்கோல் மின்னிலக்க வட்டாரம் 50 ஹெக்டேரில் அந்தக் கழகத்தின் வளாகத்தோடு ஒட்டி எழுந்துகொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையமும் திறந்தாயிற்று. அந்த மின்னிலக்க வட்டாரத்தில் 28,000 வேலைகள் உருவாகும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். எட்ஜ்ஃபீல்ட், கிரீன்டேல், பொங்கோல், யூசோஃப் இஷாக் உயர்நிலைப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடங்கள் சைக்கிளில் போகும் தூரம். அங்கே காப்பி ஊற்றும் வேலை கேவலமில்லை. ஆனால் G1இல் படித்த பிள்ளை அந்தக் காப்பிக் கடையை ஏலம் எடுத்து நடத்தவும் கூடாதா?

வயதைக் கவனியுங்கள். 18 வயதானால் ஒருவர் தொழில்களைப் பதியும் அக்ரா ஆணையத்தில் தன் பெயரில் தொழிலைப் பதியலாம். தனியுரிமைத் தொழில் என்றால் கடனுக்கு வரம்பில்லாத பொறுப்பு அவருடையது. வருமான வரிக் கணக்கைப் பாருங்கள். ஆண்டு வருவாய் 200,000 வெள்ளிக்குள் உள்ள சுயதொழில் செய்பவர் இரண்டு எண்களை நிரப்பினால் போதும். ஒன்று வருவாய், மற்றது சரிக்கட்டிய லாபம். எவ்வளவு எளிமை! அந்த இரண்டாவது எண்ணில்தான் என்னிடம் வரும் இளைஞர்கள் தடுக்கி விழுகிறார்கள். வீட்டுக்கு வாங்கிய கைபேசியைச் செலவில் எழுதியிருப்பார்கள், கடைக்கு வாங்கிய அடுப்பை எழுதியிருக்க மாட்டார்கள். பேநவ் மின்கட்டணம் வழியாக வந்ததெல்லாம் லாபம் என்று நினைத்து, பொருள் கொடுத்தவருக்குத் தர வேண்டியதையும் சேர்த்துச் செலவழித்திருப்பார்கள். ரசீதுகள் பிஸ்கட் டின்னில் கிடக்கும், பாதி மை அழிந்து வெள்ளைத் தாளாகியிருக்கும். ஐந்தாண்டுகளுக்குப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னால் முகம் வெளிறிவிடும். இவர்கள் சோம்பேறிகள் அல்லர். விடியற்காலை நான்கு மணிக்கு மாவு பிசைபவர்கள். பள்ளியில் யாரும் அவர்கள் முன்னால் ஒரு ரொக்கக் கணக்கேட்டை விரித்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

G1 பிள்ளைகளுக்குக் கணக்குப் பதிவியல் தாங்காது என்பது எனக்கு வந்த முதல் மறுப்பு, ஓர் ஆசிரிய நண்பர் சொன்னது. அவர் அன்போடுதான் சொன்னார். ஆனால் அதே பிள்ளை பள்ளியை முடித்துவிட்டுத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் கணக்கியலுக்கான ஹையர் நைட்டெக் படிப்பை நோக்கிப் போகலாம். பதினெட்டில் தாங்கும் பாடத்தின் முதல் படி பதினைந்தில் தாங்காதா? பற்று வரவுக்குத் தேவைப்படுவது கூட்டல், கழித்தல், பொறுமை. ஆங்கிலத்தில் G1 எடுக்கும் பிள்ளை எண்ணிலும் ஒழுங்கிலும் பின்தங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. வினாத்தாளின் மொழிச் சுமையைக் குறைத்தால் எத்தனையோ பேர் வெளியே தெரிவார்கள்.

இரண்டாவது மறுப்பு, மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் கணக்கு எழுதிவிடுமே என்பது. எழுதட்டும். நானும் பயன்படுத்துகிறேன். பூக்கடைக்காரருக்கு அன்று மாலை ஆறு மணிக்கு முடிவெடுத்துத் தருவது அது அல்ல. அது காட்டும் எண் ஏன் இப்படி வந்தது என்று சந்தேகப்படத் தெரியாதவருக்கு அதனால் ஆபத்தே அதிகம்.

நான் கேட்பது இவைதாம். G1இல் இபிஎஸ் பாடத்துக்குள் ரொக்கக் கணக்கேடு, அடக்கவிலை, ஒரு மாத வருமான அறிக்கை ஆகியவற்றைச் சேருங்கள், அல்லது G1 கணக்குப் பதிவியலைத் தனிப்பாடமாகவே கொண்டுவாருங்கள். எனக்கு இரண்டாவதில்தான் விருப்பம். G3இல் பிஓஏ படிக்கும் பிள்ளைகளை ஒரு பருவத்திலாவது உண்மையான கடையில் நிறுத்துங்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை போதும், பொங்கோல் கோஸ்ட் உணவங்காடி நிலையம் இன்னும் நல்லது. வாடிக்கையாளர் கோபப்படும்போது என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியட்டும்.

ஆசிரியர் பற்றாக்குறை என்றால் அதற்கும் முன்னுதாரணம் உண்டு. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிப்பதை இந்த நாடு பல ஆண்டுகளாக நடத்திக் காட்டியிருக்கிறது. பல பள்ளிகளுக்கு ஒரு நிலையம், வாரத்தில் குறித்த நாள்கள். அதே முறையில் பொங்கோலின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு வணிகக் கணக்கு வகுப்பைத் தொடங்கலாம். எந்தப் பள்ளிப் பிள்ளையும், எந்த நிலையில் இருந்தாலும், விருப்பம் ஒன்றை மட்டும் தகுதியாகக் கொண்டு வரட்டும். சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் அங்கே வந்து உதவலாம். லிட்டில் இந்தியாக் கடைக்காரர்களில் சிலர் தங்கள் பழைய பேரேடுகளைப் பெயரை மறைத்துத் தரத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் நானும் வந்து சொல்லிக் கொடுப்பேன், ஊதியம் வேண்டாம்.

உயர்நிலை இரண்டில் உள்ள பிள்ளைகள் ஆண்டு இறுதியில் பாடத் தெரிவுப் படிவத்தை நிரப்புவார்கள். அதற்கு முன் இந்த நான்கு பள்ளிகளின் முதல்வர்களையும் ஒருமுறை கூட்டிப் பேசுங்கள். நாடு முழுவதற்குமான பாடத்திட்ட மாற்றத்துக்கு ஆண்டுகள் ஆகும் என்பது தெரியும். ஒரு வட்டாரத்தில் ஒரு வகுப்பைத் தொடங்க அத்தனை காலம் தேவையில்லை. உங்கள் மக்கள் சந்திப்பு நாளில் வந்து, பூக்கடைக் கணக்கையும் ஒரு மாதிரிப் பாடத்தையும் நேரில் காட்ட அனுமதி கேட்கிறேன்.

இப்படிக்கு,
பொங்கோல்வாசி ஒருவர்