கோதுமை ஒவ்வாதவருக்கும் திருவிருந்தில் இடம்



2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு சிறுமி புதுநன்மை வாங்கினாள். அவளுக்குச் சீலியாக் நோய் இருந்ததால், கோதுமை அப்பத்துக்குப் பதிலாக அரிசி மாவில் செய்த அப்பம் கொடுக்கப்பட்டது. அது செல்லுபடியாகாது என்று மறைமாவட்டம் அறிவித்தது. செய்தி உலகெங்கும் பரவியது. ஒரு துண்டு கோதுமைக்காகத் திருச்சபை ஒரு குழந்தையை விரட்டுகிறதே என்று ஒரு சாரார் கொதித்தார்கள். சட்டம் சட்டம்தான் என்று மறுசாரார் சொன்னார்கள். அந்தக் குடும்பத்துக்கு வேறு இரண்டு வழிகள் சொல்லப்பட்டிருந்தன என்பதை அந்தச் சத்தத்தில் பலர் கவனிக்கவில்லை. அந்த வழிகளில் தன் பிள்ளையை நடத்திச் செல்லத் தாய் ஏன் அஞ்சினார் என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. நாம் இங்கே சிந்திக்க விரும்புவது அந்தத் தாயின் அச்சத்தைப் பற்றித்தான்.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் உள்ள ஒருவகைப் புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். மாவைப் பிசைந்தால் இழுவையாக வருகிறதே, அதற்குக் காரணம் இதுவே. சீலியாக் நோய் உள்ளவர் இதைச் சாப்பிட்டால் அவருடைய உடலின் எதிர்ப்புச் சக்தி அவருடைய சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் மழுங்கிப் போகின்றன. இதனால் ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், பிள்ளைகள் வளராமல் நிற்பது, மாத்திரை கொடுத்தும் ஏறாத இரத்தச் சோகை, எலும்புத் தேய்மானம், சிலருக்குக் கருச்சிதைவு என்று பல தொல்லைகள் வரும். அரிதாகக் குடலில் புற்றுநோயும் வரலாம். இது சாதாரண ஒவ்வாமை அல்ல. உடல் இளைக்கச் சிலர் கோதுமையை விடுகிறார்களே, அந்த நாகரிகமும் அல்ல. இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே விலக்குவது ஒன்றே வழி.

இந்த நோயை முதலில் விவரித்தவர் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கப்பதோக்கியா நாட்டு மருத்துவர் அரெத்தேயுஸ். (புனித பசிலியாரைத் தந்த அதே கப்பதோக்கியாதான்.) ஆனால் குற்றவாளி கோதுமை என்று தெரிய இன்னும் பதினெட்டு நூற்றாண்டுகள் ஆயின. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் குழந்தை மருத்துவராக இருந்த வில்லெம் டிக்கே 1930களிலிருந்தே கோதுமையைச் சந்தேகித்து வந்தார். 1944-45 குளிர்காலத்தில் நாசிப் படையின் பிடியில் அந்நாடு பட்டினி கிடந்தது. ரொட்டிக்கு வழியில்லாமல் எல்லாரும் மெலிந்தபோது இந்நோய் கண்ட பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. டிக்கே தம் முடிவுகளை 1950இல் ஆய்வேடாக வெளியிட்டார். அதுவரை எத்தனை தாய்மார்கள், பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று ரொட்டியையே ஊட்டியிருப்பார்கள்!

இது வெள்ளைக்காரர் நோய், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். 2016இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் இருப்பதையும், தென்னிந்தியாவில் அது மிகவும் குறைவு என்பதையும் காட்டியது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பகுதியிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. பெரிய வேறுபாடு தட்டில்தான் இருந்தது: அவர்கள் உண்பது கோதுமை, நாம் உண்பது அரிசி. இன்று நம் வீடுகளிலும் இரவுக்குச் சப்பாத்தி, கடைக்குப் போனால் பரோட்டா, பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் நூடுல்ஸும். வேலைக்காக தில்லியிலும் டொராண்டோவிலும் குடியேறிய நம் குடும்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரத்தச் சோகை தீராத பிள்ளை இருந்தால் மருத்துவரிடம் இதைப் பற்றியும் கேளுங்கள். ஓர் எச்சரிக்கை: இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் பரிசோதனையில் தெரியாமல் போகும். நோய் உறுதியானால் நம் சமையல் பெரிய வரம். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், பருப்பு எதிலும் குளூட்டன் இல்லை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மட்டும் கோதுமை மாவு கலந்திருக்கும், பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டில் இவ்வளவு கவனமாக இருக்கும் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருகிறது. அங்கே என்ன செய்வது?

திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் எண், நற்கருணை அப்பம் தூய கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்கவேண்டும் என்கிறது. நம் உணவு அரிசிதானே, அரிசியில் அப்பம் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அன்பினால் எழும் அந்தக் கேள்வியை நாம் ஏளனம் செய்யக்கூடாது. ஆனால் ஆண்டவர் ஏற்படுத்திய அருளடையாளத்தின் பொருளை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்பதே திருச்சபையின் நிலை. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் இராட்சிங்கர் 2003 ஜூலையில் எழுதிய சுற்றுமடல் இதைத் தெளிவாக்கியது. குளூட்டன் முற்றிலும் இல்லாத அப்பம் செல்லாது. வேறு பொருள் கலவாமல், அப்பமாகச் சேர்ந்து நிற்கும் அளவுக்குச் சிறிதளவு குளூட்டன் உள்ள கோதுமை அப்பம் செல்லும். அதுவும் ஒவ்வாதவர் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை வாங்கலாம். 2017இல் திருத்தந்தை பிரான்சிசின் வேண்டுகோளின்படி திருவழிபாட்டுப் பேராயம் எழுதிய மடலும் இதையே உறுதிசெய்தது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கிளைட் என்ற ஊரின் பெனடிக்டின் கன்னியர்கள் பல ஆண்டுகள் முயன்று 0.01 விழுக்காடு குளூட்டன் மட்டுமே உள்ள அப்பத்தைத் தயாரித்தார்கள். இந்நோயாளிகள் பெரும்பாலோர் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை தாங்குவார்கள் என்பது மருத்துவக் கணிப்பு. அப்படிப்பட்ட முழு அப்பமே ஒரு கிராம் எடை என்று வைத்தாலும் அதில் இருப்பது 0.1 மில்லிகிராம்தான். ஆனால் வழக்கமான அப்பத்தில் ‘ஒரு சின்னத் துண்டுதானே’ என்று நாம் சமாதானம் சொல்லும்போது அந்தக் கணக்கு நிற்காது.

இரசம் மட்டும் வாங்கினால் பாதி நற்கருணைதான் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வடிவிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்பது திரிதெந்து பொதுச்சங்கத்தின் போதனை. அப்பம் மட்டும் வாங்கும் நாம் ஒருபோதும் பாதி வாங்குவதாக நினைப்பதில்லையே! மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் காலத்தில் கைக்குழந்தைக்குக்கூடக் கிண்ணத்திலிருந்து கொடுத்ததை அவருடைய எழுத்திலேயே பார்க்கிறோம்.

ஆனால் கோட்பாடு சரியாக இருந்தும் பீடத்தில் தவறு நேரலாம். குருவானவர் அப்பத்தைப் பிட்டு ஒரு துகளைத் தம் கிண்ணத்தில் இடுகிறார். ஆகவே அந்தக் கிண்ணம் இந்நோயாளிக்கு உதவாது. திருவிழாக்களில் அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுக்கும்போதும் அப்படித்தான். காணிக்கை நேரத்திலேயே ஒரு சிறு கிண்ணம் தனியாகப் பீடத்தில் வைக்கப்படவேண்டும். அதில் துகள் இடக்கூடாது. வேறு எவரும் அதில் அருந்துவதற்கு முன் அவர் அருந்தவேண்டும். குறைந்த குளூட்டன் அப்பமானால் அது தனிச் சிமிழில் இருக்கவேண்டும், மற்ற அப்பங்களைத் தொட்ட விரல் அதைத் தொடக்கூடாது. நியூ ஜெர்சித் தாயைப் போன்றவர்கள் அஞ்சுவது இந்த இடத்தில்தான். அது விசுவாசக் குறைவு அல்ல. எழுந்தேற்றத்துக்குப் பின்னும் அப்பத்தின் இயற்கைத் தன்மைகள் அப்படியே இருக்கின்றன என்பதும் நம் விசுவாசமே. ஆகவே ‘ஆண்டவரின் உடல் நோய் தருமா’ என்று அவர்களை மடக்குவது இறையியலும் அல்ல, இரக்கமும் அல்ல.

குருக்கள் விஷயத்தில் திருச்சபை நடந்த பாதையும் கவனிக்கத்தக்கது. 1995இல் வந்த விதிமுறை இந்நோயுள்ள மாணவரைக் குருத்துவத்துக்கு ஏற்கக்கூடாது என்றது. 2003 மடல் அதைத் தளர்த்தி, மிகுந்த கவனத்தோடு முடிவெடுக்கச் சொன்னது. கோதுமை மாறவில்லை, மனிதரைப் பார்க்கும் பார்வை மாறியது.

நம் பங்குகளில் கிண்ணத்திலிருந்து வாங்கும் பழக்கம் குறைவு. ஒருவர் மட்டும் தனியே போய் வாங்கினால், ‘இவருக்கு என்ன தனிச் சலுகை?’ என்று வரிசையில் முணுமுணுப்பு எழும். அதற்குப் பயந்தே சிலர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடலாம். கொரிந்து நகரச் சபையில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் உண்டதைப் பவுல் அடிகளார் கடிந்துகொண்டது பணக்காரர்களை மட்டும் பார்த்து அல்ல.

அனுமதி தரும் அதிகாரம் ஆயருக்கு உண்டு. நோய் இருக்கும் காலமெல்லாம் செல்லும்படியாக ஒரே முறை தரலாம், ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டியதில்லை. பெற்றோர் மருத்துவச் சான்றுடன் பங்குத்தந்தையைப் பார்த்தால் போதும். அவர்கள் வரும்வரை காத்திராமல், புதுநன்மை வகுப்புக்குப் பெயர் பதியும் தாளில் ஞானஸ்நான தேதிக்குக் கீழே இன்னொரு வரியைச் சேர்க்கலாம்: ‘பிள்ளைக்குக் கோதுமை ஆகுமா?’