சோபாவில் இருந்தபடி ஒரு கடற்பயணம்

கோலா கங்சாரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பேராக் ஆறு ஊரை உரசிக்கொண்டு ஓடுகிறது. சம்பானில் ஏறினால் சில நிமிடங்களில் அக்கரைச் சாயோங். ஆனால் கடலைப் பார்க்க தைப்பிங்கைத் தாண்டி கோலா செபெத்தாங் வரை போகவேண்டும். அப்படிப்பட்ட ஊரிலும் சில வீட்டு வரவேற்பறைகளில் இரவு பத்து மணிக்கு மேல் நடுக்கடல் ஓடுகிறது. வேலை முடிந்து வந்த பிள்ளைகள் யூடியூப்பில் பாய்மரப் படகுப் பயணங்களைப் போட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உட்கார்ந்த இடத்தில் உலகம் சுற்றுவது சோம்பேறித்தனம் என்று பெரியவர்கள் முணுமுணுக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீடுகளில் கடலுக்கு நல்ல பெயரே கிடையாதே! மானம் போனால் ‘கப்பலேறிவிட்டது’ என்கிறோம். கன்னத்தில் கை வைத்தால் ‘கப்பலா கவிழ்ந்துவிட்டது?’ என்று கேட்கிறோம். சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய பெருமையை மேடைக்கு மேடை பேசுவோம். பிள்ளையை நீச்சல் வகுப்புக்கு அனுப்ப மட்டும் யோசிப்போம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 1877-இல் இந்த ஊரில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. ரப்பர் பெருகப் பெருக ஆள் தேவைப்பட்டது; நம்மவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ 1973 வரை ஓடியது. கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வாந்தியோடும் வெயிலோடும் ஏறக்குறைய ஒரு வாரம். பினாங்கை நெருங்கியதும் பலருக்கு ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். பிறகு ரயில், தோட்டம், லயம். அப்படி வந்தவர்கள் கடலை வேடிக்கை பார்க்க ஏன் ஆசைப்படப் போகிறார்கள்?

அதே வங்கக் கடலோரத்துப் புதுச்சேரியைச் சேர்ந்தவர் ரூபா அழகிரிசாமி. இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர். அவரும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து 56 அடி நீளமுள்ள ‘தாரிணி’ பாய்மரப் படகில் கிளம்பினார்கள். படகில் இரண்டே பேர். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என நான்கே இடங்களில் நின்று, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். 25,000 கடல்மைலுக்கு மேல், காற்றை மட்டும் நம்பி. வழியில் பசிபிக்கில் ‘நீமோ முனை’யைக் கடந்தார்கள். எந்தத் திசையில் போனாலும் கரைக்கு 2,600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் இடம் அது. விண்வெளி நிலையம் தலைக்கு மேலே பறக்கும்போது, அதில் இருப்பவர்கள்தான் அவர்களுக்கு மிக அருகில் உள்ள மனிதர்கள்!

இந்தக் கதையைப் பத்து நிமிடக் காணொளியில் பார்த்து முடித்துவிடலாம். அங்கேதான் ஓர் ஏமாற்று வேலை இருக்கிறது. டால்ஃபின் துள்ளுவதும் சூரியன் மறைவதும் படத்தில் வரும். ஒருவர் தூங்க மற்றவர் விழித்திருந்து மாதக்கணக்கில் மாறி மாறிக் காவல் காத்தது வராது. நம் நாட்டு அஸார் மன்சோர் 1999-இல் ‘ஜாலூர் கெமிலாங்’ படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றினார். பிப்ரவரி 2 அன்று லங்காவியில் புறப்பட்டு ஆகஸ்ட் 11 அன்று திரும்பினார். அந்த 190 நாளும் வீட்டில் இருந்தவர்களுக்குச் செய்தி சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தென் அமெரிக்காவின் தென்கோடிக் கடலில் பாய்மரம் முறிந்தது என்று கேட்டவர்கள், அடுத்த செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பும் கடற்பயணம்தான்.

அதனால் என் சிபாரிசு இது. ஒரே படகைப் பிடித்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து வாரம் ஒன்றாகப் பாருங்கள். 2019-இல் கிரேட்டா துன்பெர்க்கை அமெரிக்காவிலிருந்து லிஸ்பனுக்குக் கொண்டுசேர்த்த ஆஸ்திரேலியத் தம்பதியின் ‘லா வெகபோன்ட்’ இப்படித் தொடர நல்ல வரிசை. கழிவறை அடைத்துக்கொள்வது, இயந்திரம் மக்கர் செய்வது, காற்றே இல்லாமல் நாள் முழுக்க நிற்பது இதையெல்லாம் மறைக்காத படகுக்காரர்களை நம்பலாம்.

வீட்டில் எண்பது தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இளைஞர்கள் அலையைப் பார்த்து வாய் பிளக்கும்போது, “சோறு எங்கேம்மா ஆக்குறாங்க? குடிக்கத் தண்ணி?” என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். ரஜூலாவின் தளத்தில் படுத்து வந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். உடனே காணொளியை நிறுத்திவிட்டு, அவர் வந்த கதையைக் கேளுங்கள். அதை எந்தச் சேனலிலும் தேடி எடுக்க முடியாது.

திரை போதாது என்று தோன்றினால் லூமுட் இருக்கிறது, காரில் இரண்டு மணி நேரத்துக்குள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து லங்காவி வரை போகும் ராஜா மூடா படகுப் போட்டி 1990 முதல் நடக்கிறது, வழக்கமாக நவம்பரில். நடுவே படகுகள் பங்கோர் பக்கம் வந்து நிற்கும். நாற்காலியும் குடையும் எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டிக்கு வாந்தி மாத்திரை தேவைப்படாது, கரையில்தான் நிற்கப் போகிறார்.