வீடு வாசலோடு முடிவதில்லை

சாவி கொடுக்கும் நாளில் படம் பிடிக்கிறார்கள். சுவருக்கு வர்ணம் பூசியிருக்கிறது, கதவு பூட்டு எல்லாம் புதிது. ஆனால் பாதையிலிருந்து அந்த வாசலுக்கு ஏறிப்போவது எப்படி? பல இடங்களில் மண்வெட்டியால் வெட்டிவிட்ட மண் படிதான். இரண்டு நாள் மழை பெய்தால் அதுவும் கரைந்துவிடும்.

பழைய லயங்களின் கதையும் இதுதான். பாசி பிடித்த கருங்கல் படிகள். ஒரு படி 6 அங்குலம், அடுத்தது 10 அங்குலம். பிடித்து இறங்க ஒரு கம்பி கிடையாது. விடியற்காலை இருட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைமடுவத்துக்கு இறங்குவதும், பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஏறுவதும் இந்தப் படியில்தான். சென்ற மழைக்காலத்தில் எங்கள் உறுப்பினரான ஒரு தாய் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. அம்பியூலன்ஸ் பாதையில் நின்றது. நான்கு பேர் அவரைக் கம்பளியில் வைத்து, அதே படியில் தூக்கி இறக்கினார்கள்.

“7 பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்ததே பெரிய காரியம், படிக்கு என்ன சண்டை?” என்று கேட்பவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. மலைச்சரிவில் கட்டும் வீட்டுக்குப் படியும் கூரையைப் போல ஒரு பகுதிதான். கூரை இல்லாத வீட்டை யாரும் பொறுப்பேற்க மாட்டோம். படியில்லாத வீட்டை மட்டும் ஏன் கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம்?

நல்ல படிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெளிப்படிக்கு 6 அங்குல உயரமும் 12 அங்குல மிதி அகலமும் வசதியானவை. இடம் குறைந்தால் 7 அங்குல உயரமும் 11 அங்குல அகலமும் வைக்கலாம். இரண்டு படி உயரத்தையும் ஒரு மிதி அகலத்தையும் கூட்டினால் 24, 25 அங்குலம் வரவேண்டும். அதுதான் மனிதர் சாதாரணமாக எட்டு வைக்கும் அளவு.

அதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. முதல் இரண்டு படியிலேயே கால் அளவைப் பழகிக்கொள்கிறது. மூன்றாவது படி அரை அங்குலம் மாறினாலும் தடுக்கும். ஆகவே கட்டத் தொடங்குமுன் மொத்த உயரத்தை அளந்து பங்கிட வேண்டும். பாதைக்கும் வாசலுக்கும் 7 அடி உயரம் என்றால் 84 அங்குலம். 6ஆல் வகுத்தால் 14 ஏற்றம். கடைசி ஏற்றம் வாசல் தரையில் சேர்வதால் மிதி 13. நடுவில் ஒரு மிதியை 3 அடித் தளமாக்கினால், சுமையோடு வருபவர் நின்று மூச்சு வாங்கலாம். இதற்கு 15 அடி நீளம் தேவை. நேராக இடமில்லையென்றால் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிக் கட்டலாம். படியைச் செங்குத்தாக்குவது மட்டும் கூடாது.

மேல்பூச்சை வழவழப்பாகத் தேய்க்க வேண்டாம். சீமெந்து ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுத்தால் கால் வழுக்காது. தண்ணீர் தேங்காமல் மிதி முன்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். மலைப்பக்கமாகக் கான் வெட்டாவிட்டால் மழைநீர் படிவழியேதான் ஓடும். சுமார் 3 அடி உயரத்தில், கை சுற்றிப் பிடிக்கக்கூடிய குழாய்க் கம்பி ஒருபக்கமாவது வேண்டும். மேலும் கீழும் சுவிட்ச் உள்ள ஒரு மின்குமிழ் வேண்டும்.

இவை ஆடம்பரமல்ல. வரைபடத்திலேயே சேர்த்தால் செலவு பெரிதாகாது. வீடு முடிந்தபின் என்றால் முழுச்சுமையும் தொழிலாளியின் சம்பளத்தில்தான் விழும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் ஒத்துக்கொள்கிறோம். கூரைத் தகரத்துக்கும் மலசலகூடத்துக்கும் எத்தனையோ மகஜர் எழுதிய நாங்கள், படியை ஒரு வரியாகக்கூட எழுதவில்லை. இனி எழுதுவோம். புதிய வீட்டுத் திட்டங்களின் மதிப்பீட்டில் படி, கைப்பிடி, கான் மூன்றும் இருக்க வேண்டும். அவை முடியாமல் சாவி கொடுக்கக் கூடாது. லயப் படிகளைத் தோட்ட நிர்வாகம் திருத்தித் தரவேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் மாதர் கமிட்டித் தலைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் ஓர் அளவு நாடாவோடு உங்கள் லயப் படிகளில் ஏறி இறங்குங்கள். ஒவ்வொரு படியின் உயரத்தையும் குறித்துக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கணக்கோடுதான் நிர்வாகத்தின் முன் உட்காரப்போகிறோம்.