சிரிப்பு மறையுமுன்

படமெடுக்கப் போகிறோம் என்றதும் பிள்ளை விறைத்து நிற்கும். தூரம் பார்த்துக் கமராவைத் திருத்துவதற்குள் சிரிப்பும் போய்விடும். இதற்கு நாம் கண்ட நல்ல துணை, உள்ளங்கையில் அடங்கும் 28 மி.மீ. அகலக்கோண வில்லை. நியூயோர்க் வீதிகளில் காரி வினோகிராண்ட் (1928–1984) பெரும்பாலும் இதனையே கையாண்டார். 35 மி.மீ. பிலிம் கமராவில் இதனைப் பூட்டி, துவாரத்தை எஃப் 8 இலும் தூரத்தை 11 அடியிலும் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 5½ அடிக்கு அப்பாலுள்ளவை யாவும் தெளிவாக விழும். பின்பு பொத்தானை அழுத்துவதே வேலை.

ஆயினும் அடுப்படி மங்கலுக்கு இது உதவாது. நல்ல வெயில் வேண்டும். முகத்தைப் படத்தின் மூலையில் விடாதீர்கள், இழுபட்டுப் போகும். எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டுவதால், கூச்சத்தை விட்டு நெருங்கவும் வேண்டும். முற்றத்தில் பாட்டியார் முருங்கையிலை உருவும்போது, ‘இஞ்சை பாருங்கோ’ என்னாமலே ஒன்று எடுத்துப் பாருங்கள்.