ஐப்பசியில் வந்து எண்ணுங்கள்

ஆரணியில் நான்கு பேர் கூடிப் பேசும் இடங்களில், பட்டு விலைக்கும் மழைக்கும் அடுத்தபடியாக, உள்விளையாட்டரங்கம் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. ஊருக்கு ஒன்று வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதற்கடுத்த அடியில்தான் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். முறையாக ஓர் ஆலோசகரை அமர்த்தி, சாத்தியக்கூறு அறிக்கை வாங்கி, அதன்படி செய்ய வேண்டும் என்பது படித்தவர் கட்சி. அறிக்கைக்குக் கொடுக்கிற பணத்தில் நாலு தூணை நட்டுத் தகரக் கூரையைப் போட்டுவிடலாமே என்பது மற்றக் கட்சி. இரண்டும் பிழை என்பது நம் எண்ணம். அவற்றுள் முதலாவது கூடுதல் பிழை. அது அறிவின் வேடம் பூண்டு வருகிறது.

உடனே நம்மை வல்லுநர்களின் விரோதி என்று முத்திரை குத்திவிட வேண்டாம். தகரக் கட்சிக்கு வல்லுநரின் அருமை தெரியாது. இறகுப்பந்துக் களம் 44 அடி நீளம், 20 அடி அகலம் என்பது எந்தப் பையனுக்கும் தெரியும். அதன் தலைக்குமேல் எவ்வளவு வெளி வேண்டும் என்பதைத்தான் யாரும் நினைப்பதில்லை. பெரிய பன்னாட்டுப் போட்டிகளுக்கு 12 மீட்டர் உயரம் கேட்கிறார்கள். உள்ளூர் ஆட்டத்திற்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், கல்யாண மண்டபத்துக் கூரையளவு போதாது. விளக்கை ஆட்டக்காரரின் கண்ணெதிரே மாட்டினால் பந்து தெரியாது. சாளரத்தைத் தாழ வைத்தால் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். அக்கினி நட்சத்திரத்தில் வட ஆர்க்காட்டுத் தகரக் கூரையின்கீழ் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்கள் அங்கே ஆடுவதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கட்டுவதற்கு வல்லுநர் வேண்டும். அதில் வழக்கில்லை.

நம் வழக்கு அதற்கு முந்தைய படியைப் பற்றியது. ‘ஆய்வு’ என்று சொல்லி நாம் எதை வாங்குகிறோம்?

இத்தகைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அமைப்பு மனப்பாடமாகியிருக்கும். முதலில் ஊரின் வரலாறு: ஆரணி என்றால் கோட்டை, ஜாகீர், 1751-இல் கிளைவ் நடத்திய போர். பிறகு மக்கள்தொகை: 2011 கணக்கெடுப்பின்படி அறுபத்து மூவாயிரத்துக்குச் சற்று மேல். அந்த எண்ணை முப்பது ஆண்டுக்கு நீட்டி ஒரு வரைகோடு. வானத்திலிருந்து எடுத்த படம். முடிவில் ‘திட்டம் சாத்தியமானது, பரிந்துரைக்கப்படுகிறது’ என்ற வாக்கியம். ஊரின் பெயரை எடுத்துவிட்டு வந்தவாசி என்றோ போளூர் என்றோ போட்டாலும், வரலாற்றுப் பகுதி நீங்கலாக, அறிக்கைக்கு ஒரு குறையும் நேராது. (வரலாற்றுப் பகுதியைக் கவனமாகப் படிப்பவர் தமிழாசிரியர் மட்டும்தான் என்பதால் அதைக்கூட அப்படியே விட்டுவிடலாம்.)

இதில் ஆலோசகரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அப்படிப்பட்டது. “என்ன கட்டலாம், எத்தனை கோடியில் கட்டலாம்” என்று கேட்டால் அவர் அதற்குத்தான் விடை சொல்வார். “கட்ட வேண்டுமா, யாருக்கு?” என்பது பணி வரையறையிலேயே இராது. போதாக்குறைக்கு, திட்ட மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசும் வழக்கம் வேறு இருக்கிறது. மூன்று கோடி என்று எழுதினால் ஒரு கூலி. ‘இரண்டு அறையும் ஒரு கழிவறையும் போதும்’ என்று உண்மையை எழுதினால் அதில் நூற்றிலொரு பங்கு. நேர்மையாக இருப்பதற்குத் தண்டனை விதித்துவிட்டு நேர்மையான அறிக்கையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இது ஆரணியின் தனிநோய் அன்று. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய பென்ட் ஃப்ளூவ்பியரும் அவருடைய சகாக்களும் 1960 முதலான ஒலிம்பிக் போட்டிகளின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். முதலில் சொன்ன மதிப்பீட்டைச் செலவு சராசரியாக 156 விழுக்காடு தாண்டியிருந்தது. 1976 மாண்ட்ரியாலில் 720 விழுக்காடு. அந்தக் கடனை அந்நகரத்தார் அடைத்து முடித்தது 2006-இல். பெருந்திட்டங்களைப் பற்றி ஃப்ளூவ்பியர் சொல்லிவரும் காரணம் நமக்கு இன்னும் முக்கியம். மதிப்பீடுகள் அறியாமையால் மட்டும் தவறுவதில்லை. ஒப்புதல் வாங்குவதற்கேற்ப எண்கள் வளைக்கப்படுகின்றன என்கிறார் அவர். தில்லி காமன்வெல்த் போட்டிக்கு 2003-இல் 1,200 கோடி என்று தொடங்கிய அரசுக் கணக்கு, தலைமைத் தணிக்கையாளரின் 2011 அறிக்கையில் 18,532 கோடியாக நின்றது. அங்கே ஆலோசகர்களுக்கு ஒரு பஞ்சமும் இருக்கவில்லை.

தில்லி நமக்குத் தொலைவு. சென்னைக்கு வருவோம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக நேரு உள்விளையாட்டரங்கம் எழுப்பப்பட்டது. தமிழ்நாட்டார் பெரும்பாலோர் அந்த அரங்கத்தைத் தொலைக்காட்சியில் எதற்காகப் பார்த்திருக்கிறார்கள்? அரசு விழாக்கள், பாராட்டு விழாக்கள், திரைப்பட விழாக்கள். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழா அங்கே நடந்தது. ஆட்டம் நடந்தது மாமல்லபுரத்தில். அதே ஆண்டு செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ பாடல் வெளியீடு. விளையாட்டே அங்கு நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை, நடந்திருக்கிறது. ஆனால் பெரிய கூரை ஒன்று கிடைத்தால், ஆடுகிறவனைவிட மேடை போடுகிறவன் முந்திக்கொள்வான். தலைநகரத்திலேயே இந்தக் கதை என்றால், முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காமல் அலையும் ஒரு பட்டு ஊரில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல ஆலோசகர் எதற்கு? ஆண்டில் எத்தனை நாள் இதை விளையாட்டல்லாத காரியத்துக்கு விடலாம், அந்த வாடகை யார் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு எந்த அறிக்கையில் விடை இருக்கிறது?

இனி, எண்ணப்படாதவர்களைப் பற்றி. நம் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

‘தேவை மதிப்பீடு’ என்று ஆலோசகர் வருவார். வெயில் காலத்தில் வருவார். கோட்டை மைதானத்துக்குப் போவார். அங்கே ஆடிக்கொண்டிருக்கும் பையன்களையும் நடைபயிலும் பெரியவர்களையும் எண்ணுவார். ஏற்கெனவே ஆடுகிறவர்களை எண்ணி, ‘இத்தனை பேருக்குத் தேவை’ என்று எழுதுவார். மைதானத்துக்கு வராதவர்களை எப்படி எண்ணுவார்?

சைதாப்பேட்டையிலும் கொசப்பாளையத்திலும் ஒரு நெசவாளி வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். குழித்தறியில் கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிகட்டையை மிதித்தபடி, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே இடத்தில் இருக்கை. நாற்பது வயதில் முதுகும் முழங்காலும் முறையிடுகின்றன. உடலை நீட்டி மடக்கி ஆட வேண்டிய தேவை இந்த ஊரில் யாருக்காவது முதலில் உண்டென்றால் அது இவர்களுக்குத்தான். ஆனால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன், தறி ஓடும் நாளில் மாலை ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்துக்கு வர மாட்டான். வந்தால் அந்தச் சேலை முடியாது.

அவன் கை ஓய்ந்திருப்பது எப்போது? ஐப்பசி, கார்த்திகையில். அடைமழை பிடித்தால் தறிக்குழியில் ஈரம் ஊறும். பட்டுப் பாவு நமுத்துப்போகும். தெருவில் பாவு நீட்ட வழியிராது. தறி நிற்கும், கூலியும் நிற்கும். நாள் கணக்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் அந்த நாட்களில் திறந்தவெளி மைதானமும் சேறாகிக் கிடக்கும். கூரையிட்ட ஓர் ஆடுகளம் இந்த ஊருக்கு எதற்கு என்று எவராவது நம்மைக் கேட்டால், மழையில் நின்றுபோன தறிகளைத்தான் முதற்காரணமாகக் காட்டுவோம். மே மாதத்தில் வந்து தலையெண்ணிப் போகிறவரின் ஏட்டில் இது ஏறவே ஏறாது.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். நாம் பாடம் நடத்தும் வகுப்பில் ஒருமுறை, கடைசியாக எப்போது ஓடியாடி விளையாடினீர்கள் என்று மாணவியரைக் கேட்டோம். சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னது ஏறத்தாழ ஒரே விடை: ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு வீட்டில் தார் சுற்ற ஒரு கை தேவைப்பட்டது. அல்லது ‘பெரிய பெண்’ ஆகிவிட்டார்கள். சங்கப் பாடல்களில் பந்தாடுவோரும் கழங்காடுவோரும் ஓரை அயர்வோரும் பெண்களே. அவற்றை அந்தப் பிள்ளைகளுக்கு நாமே நடத்தி, அருஞ்சொற்பொருள் எழுதச் சொல்லி, மதிப்பெண்ணும் போடுகிறோம். திறந்த மைதானத்தில் நூறு ஆண்களின் கண்முன் ஆடத் தயங்குகிறவர்களுக்கு நான்கு சுவர் ஒரு விடுதலை. அந்த நான்கு சுவருக்குள்ளும் மாலை நேரம் முழுவதையும் ஆண்கள் பிடித்துக்கொண்டால், கதவுள்ள கழிவறை இல்லாவிட்டால், வெளியே தெருவிளக்கு எரியாவிட்டால், அதுவும் இன்னொரு கோட்டை மைதானம்தான். நேரப் பங்கீடு, கழிவறை, தெருவிளக்கு ஆகிய மூன்றும் கட்டட வரைபடத்தில் சிறு புள்ளிகள். ஓர் ஊரின் பாதிப் பேர் உள்ளே வருவார்களா என்பதை அந்தப் புள்ளிகளே தீர்மானிக்கின்றன.

உள்விளையாட்டு என்றதும் கோடிகளை நினைக்கும் வழக்கத்தையும் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யலாம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைக்காரர். ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரமைவிட உள்ளான ஒரு விளையாட்டு உண்டா? அதற்கு வேண்டியது ஓர் அறை, ஒரு பலகை, ஒரு விளக்கு, கற்றுத்தர ஒருவர். இவற்றில் கட்டடத் திட்ட மதிப்பீட்டில் இடம்பெறாதது எது என்று பாருங்கள்: கற்றுத்தர ஒருவர். பயிற்சியாளரின் சம்பளத்தை முதலீட்டுக் கணக்கில் எழுத முடியாது. கல்வெட்டில் பொறிக்கவும் முடியாது.

அரசின் திட்டங்களும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. சட்டமன்றத் தொகுதிதோறும் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டம் முதற்கட்டமாகப் பத்துத் தொகுதிகளில், தொகுதிக்கு 3 கோடி என்ற மதிப்பீட்டில் தொடங்கியது. நோக்கம் நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கடலோரத் தொகுதிக்கும் மலைத்தொகுதிக்கும் நெசவாளர் தொகுதிக்கும் ஒரே 3 கோடி என்றால், ஊரைப் பார்க்கும் முன்பே தொகை முடிவாகிவிட்டது என்பது பொருள். அதன்பின் நடக்கும் எந்த ஆய்வும் சட்டை தைத்த பிறகு எடுக்கும் அளவுதான்.

ஆக, ஆலோசகர் வேண்டாம் என்பது நம் கட்சியன்று. வரட்டும். ஆனால் கூலியை முன்கூட்டியே ஒரே தொகையாகப் பேசிவிட வேண்டும். திட்ட மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அது மாறக்கூடாது. ‘வேண்டாம்’ என்றோ, ‘இருக்கும் பள்ளிக்கூட மண்டபத்தைப் பழுதுபார்த்து மாலையில் திறந்துவிட்டாலே போதும்’ என்றோ எழுதும் உரிமை அவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். ஆறாவது ஆண்டில் மின்கட்டணம் யார் கட்டுவார், தரையை யார் பெருக்குவார், எரிந்துபோன விளக்கை எந்தத் தலைப்பில் மாற்றுவார்கள் என்று தனி அதிகாரம் ஒன்று அறிக்கையில் இருக்க வேண்டும். கட்டடச் செலவு பற்றிய அதிகாரத்துக்கு முன்பாக.

இன்னொன்று. அறிக்கை தமிழில் வர வேண்டும். ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. ஆயினும் இத்தகைய அறிக்கைகள் ஆங்கிலத்தில் பிறந்து, ஆங்கிலத்திலேயே அலமாரிக்குள் அடங்குகின்றன. தறிக்காரனின் பெயரால் எழுதப்படும் ஏட்டைத் தறிக்காரன் படிக்க முடியாது என்றால், அது யாருக்கு எழுதப்பட்டது? தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கேட்காமலேயே வெளியிடு என்று 2005 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. நகராட்சிகளில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தும் ஏற்பாடும் வந்திருக்கிறது. பணி வரையறையை ஆலோசகரிடம் கொடுக்கும் முன் அங்கே உரக்கப் படித்துக் காட்டட்டும். கேள்விகளை ஊர் எழுதட்டும். விடையை அவர் தேடட்டும்.

நண்பர்களின் இரண்டு கட்சிக்கும் நாம் சொல்லிவைத்திருப்பது இதுதான். ஆலோசகரை அமர்த்துவதானால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்: அவர் ஐப்பசியில் வர வேண்டும். மழை பிடித்த மூன்றாம் நாள், குடையோடு, கொசப்பாளையத்தில் பத்து வீடு ஏறி இறங்க வேண்டும். தறிக்குழிக்குள் கைவிட்டு ஈரத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளை இருந்தால், மாலை ஆறு மணிக்கு அவளை எந்தத் தெரு வழியாக அனுப்புவீர்கள் என்று தாயைக் கேட்க வேண்டும். கோட்டை மைதானத்தில் அன்று யாரும் இருக்க மாட்டார்கள்; அங்கே போகத் தேவையில்லை.