தியானத்துக்கும் மார்க்கா?

தியானம் பழக எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில்: மார்க் போடாத கருவியாகப் பாருங்கள்.

மியூஸ் என்றொரு நெற்றிப்பட்டை, 2014-ல் கனடா நிறுவனம் ஒன்று கொண்டுவந்தது. மூளையின் மின் அலைகளை நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் அளக்கிறது. மனம் அலைந்தால் காதில் காற்றும் மழையும் பலமாகக் கேட்கும். அடங்கினால் பறவை கூவும். முடிவில் எத்தனை பறவை என்று கணக்கும் வரும். நல்ல யோசனைதான். ஆனால் பறவை கூவியதுமே "ஆகா, வந்துவிட்டது!" என்று மனம் துள்ளுமே, அதை என்ன செய்வது? பரீட்சை மார்க்கை எண்ணியே வளர்ந்தவர்கள் நாம். கண்ணை மூடிய பிறகுமா?

கைக்கடிகாரங்கள் தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணுகின்றன. நாடி குறைந்தால் மனம் அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. தூங்கினாலும்தான் குறையும்!

எனக்குப் பிடித்தது, ஆப்பிள் வாட்சில் 2016-ல் வந்த மூச்சுப் பயிற்சி போல, மணிக்கட்டில் மெல்ல அதிர்ந்து மூச்சுக்குத் தாளம் போடும் வசதி. கண் திறக்க வேண்டாம், நடுவில் எண் பார்க்க வேண்டாம். அதற்கு விலை குறைந்த கடிகாரமே போதும், அதிர்ந்தால் சரி.

ஒரு மாதம் கழித்து அதையும் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். உட்கார முடிந்தால், வாங்கியது நல்ல கருவி.